மூக்கொழுகினால் மாடிக்கு

அத்தை இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் அவளுடைய கைப்பக்குவத்தைப் பற்றியே பேசினார்கள். முதியோர் இல்லத்தின் சமையலறையை அவள் எத்தனை சுத்தமாக வைத்திருந்தாள் என்று சொன்னார்கள். அந்தச் சுத்தம் அவளை என்ன செய்தது என்று ஒருவரும் சொல்லவில்லை. தெரிந்தவர்களும் சொல்லவில்லை.

அந்தச் சமையலறையில் அவள் போட்ட சட்டம் ஒன்று இருந்தது. தும்மினால் வெளியே. அதற்கு அப்பீல் கிடையாது. காய் நறுக்குகிறவள் கத்தியை வைத்துவிட்டு முழங்கையால் மூக்கைத் துடைத்தால் போதும், அடுப்புப் பக்கமிருந்து குரல் வரும்.

"என்னடி, குழாய் திறந்துக்கிச்சா? கிளம்பு. மாடிக்குப் போ."

கீழ்த்தளத்தில் சமையலறை, சாப்பாட்டுக் கூடம், நடமாடுகிறவர்களின் அறைகள். மாடியில் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்கள். சளி பிடித்த சமையலாள் சரியாகும்வரை மாடிக்குப் போய் விரிப்பு மாற்றுவாள், கிழவர்களைப் புரட்டிப் படுக்க வைப்பாள், வாயில் ஊட்டுவாள். அவளுக்குப் பதிலாக மாடியிலிருந்து சளி இல்லாத ஒருத்தி கீழே இறங்கி வருவாள். யாரும் லீவு கேட்கவில்லை. யாருக்கும் வேலை போகவில்லை. சாப்பாட்டில் ஒரு துளி விழவில்லை. சமையலறையில் தும்மினால் அது அத்தனை தட்டுகளுக்கும் போகும், மாடியில் தும்மினால் யாருக்கு என்ன என்பதுதான் அங்கே எல்லோருடைய கணக்கும். நர்ஸுக்கும் அதே கணக்குதான். சளியை யாரும் நோய் என்று நினைக்கவில்லை, அழுக்கு என்று நினைத்தார்கள்.

மேனேஜருக்கு இந்த ஏற்பாடு ரொம்பவும் பிடித்துப்போயிற்று. அந்த விதியை அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, சமையலறைக் கதவில் ஒட்டினார். சுகாதார அதிகாரிகள் சோதனைக்கு வந்தால் அத்தையைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்துவார். அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையில் கரண்டியோடு நிற்பாள். கரண்டி இல்லாமல் அவளுக்குப் பேச வராது. 'கரண்டி அக்கா' என்றுதான் அங்கே பெயர். குள்ளம். பெரிய அண்டாவைக் கிளற ஒரு மரப்பலகைமேல் ஏறி நிற்பாள். இரண்டு முன்கைகளிலும் எண்ணெய் தெறித்த தழும்புகள், அம்மை போட்ட மாதிரி.

மாமா பேருந்து ஓட்டுநர். அறுபதைத் தொடும்போது, பணிமனையில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கியவர் படிக்கட்டிலேயே சரிந்தார். வலப்பக்கம் முழுவதும் போயிற்று, பேச்சும் போயிற்று. ஒரே ஒரு வார்த்தை மட்டும் நாக்கில் தங்கியது. "சரி." வலித்தாலும் சரி, பசித்தாலும் சரி, கோபம் வந்தாலும் சரி.

"கல்யாணம் ஆன நாள்ல இருந்து இந்த மனுஷன் வாயில இருந்து இந்த ஒரு வார்த்தைக்காகத் தவம் கிடந்தேன் கண்ணு," என்று அத்தை என்னிடம் சொன்னாள். "இப்ப பாரு, மூச்சுக்கு முந்நூறு தடவை சொல்றார்."

மாமா படுக்கையிலிருந்து அவளைப் பார்த்து, "சரி," என்றார்.

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இல்லத்தில் வேலை பார்ப்பவர்களின் குடும்பத்துக்கு மாடியில் இடம் தருவது வழக்கம் என்பதால் மாமாவுக்கும் ஒரு கட்டில் கிடைத்தது. ஜன்னலோரக் கட்டில். வாராவாரம் அங்கே வரும் டாக்டர், சின்ன வயதுப் பெண், முதல் நாளே அத்தையிடம் சொல்லிவிட்டாள்.

"இவருக்குச் சளி மட்டும் பிடிக்காம பாத்துக்கங்கம்மா. நெஞ்சுல இறங்கிடுச்சுன்னா இருமி வெளிய தள்ள இவருக்குத் தெம்பு கிடையாது."

அன்றிலிருந்து அத்தைக்கு வேறு கவலை இல்லை. அவருக்குச் சளி பிடிக்கக் கூடாது. ஜன்னலைச் சாத்தி, இடுக்குகளில் பழைய துணியைக் கிழித்துத் திணித்தாள். மின்விசிறியைப் போட விடமாட்டாள். தலைக்குக் குளிப்பாட்ட விடமாட்டாள். வெந்நீர் தவிர எதுவும் அவர் வாயில் போகக் கூடாது. கோடையிலும் காதை மூடிய கம்பளிக் குல்லாவோடு, வங்கிக்குள் திருடப் போகிறவர் மாதிரி மாமா கிடப்பார்.

பக்கத்துக் கட்டிலில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை, வாய் மட்டும் பள்ளிக்கூடத்திலேயே இருந்தது.

"அம்மா, கொஞ்சம் ஜன்னலைத் திற. மூச்சு முட்டுது."

"காத்து வேணும்னா தோட்டத்துக்குப் போங்க ஐயா."

"போக முடிஞ்சா நான் ஏன்மா உன் புருஷனுக்குப் பக்கத்துல கிடக்கேன்?"

"அவர் ஒண்ணும் சொல்லலையே."

"அவர் சொல்ற ஒரே வார்த்தை சரி. அவரைச் சாட்சிக்குக் கூப்பிடாதே."

"சரி," என்றார் மாமா. மூன்று பேரும் சிரித்தார்கள். ஜன்னல் திறக்கவில்லை.

மாமாவுக்கு ஊட்டுவது தனி வித்தை. கரண்டியை வாய்க்குக் கொண்டு போனால் உதட்டை இறுக்கிக்கொள்வார். எதிரே இருப்பவர் நேருக்கு நேர் உட்கார்ந்து, தன் வாயை அகலத் திறந்து "ஆ" என்று காட்ட வேண்டும். அதைப் பார்த்துத்தான் அவர் வாய் திறக்கும். மசித்த சாப்பாடு ஒரு வாய் உள்ளே போக, இரண்டு முகங்களுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிதான் இருக்கும். மாடியில் பாதிப் பேருக்கு இப்படி ஏதோ ஒன்று. காது கேட்காதவர்கள் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டார்கள். அதனால் ஊழியர்களின் மாஸ்க் எப்போதும் தாடையில் தொங்கியது. வெளியாட்கள் வந்தால் மட்டும் மூக்குக்கு ஏறும்.

அந்தக் குளிர்காலத்தில் ஊரே இருமியது. பேருந்தில், பள்ளியில், மருந்துக் கடை வரிசையில் எங்கும் அதே சத்தம். பாத்திரம் தேய்க்கிற பெண்ணின் பிள்ளைகள் பள்ளியிலிருந்து முதலில் கொண்டு வந்தார்கள். அவள் "அச், அச்" என்று இரட்டையாகத் தும்முவதால் அவளுக்கு 'அச்சு' என்றே பெயர். அச்சு மாடிக்குப் போய்விட்டு வந்தாள். பிறகு காய் நறுக்குகிறவள் போனாள். பிறகு ஒருநாள் காலையில் அத்தை குழம்பில் உப்புப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. மறுபடி பார்த்தாள். நாக்கில் ருசியே இல்லை. அப்படியே தோளுக்குள் முகத்தைப் புதைத்து ஒரு தும்மல் போட்டாள்.

எல்லோரும் கைவேலையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். அச்சுதான் வாயைத் திறந்தாள்.

"அக்கா... குழாய் திறந்துக்கிச்சா?"

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. அத்தையும் சிரித்துக்கொண்டே கரண்டியை மேடைமேல் வைத்தாள். "சட்டம்னா எல்லாருக்கும்தான்டி," என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறினாள்.

அந்த வாரம் நான் பார்க்கப் போயிருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக அத்தையை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. வழக்கமாக வேலை முடிந்த அசதியில் வந்து அவருக்கு ஒரு வேளை மட்டும் ஊட்டுகிறவள், இப்போது நாள் முழுக்க அவர் பக்கத்திலேயே இருந்தாள். முகம் மழித்துவிட்டாள். நகம் வெட்டினாள். கீழ்த்தளத்து வம்புகளையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். மூன்று வேளையும் அவளே ஊட்டினாள்.

"தேனிலவுக்கு எங்கயும் கூட்டிட்டுப் போகாத மனுஷன் கண்ணு இவர். இப்ப மாடிக்கு வந்திருக்கோம்," என்றாள். முகத்தைத் திருப்பிக் கைக்குட்டைக்குள் இருமினாள். கையை சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவிவிட்டு வந்தாள். சுத்தக்காரி அல்லவா. பிறகு அவருக்கு எதிரே உட்கார்ந்து, வாயைத் திறந்து, "ஆ," என்றாள்.

மாமா வாயைத் திறந்தார்.

சளி விட்டதும் அத்தையைக் கீழே கூப்பிட்டுக்கொண்டார்கள். மாடியில் முதலில் மூக்கு ஒழுகியது தலைமையாசிரியருக்கு. "ஜன்னலைச் சாத்தியே வெச்சியே, இப்ப என்ன சொல்றே?" என்று அத்தையைக் கேலி செய்தார். அவர் ஒரு வழியாகத் தேறினார். எதிர் வரிசையில் ஒரு பாட்டி தேறவில்லை. மாமாவுக்குக் காய்ச்சல் வந்தது, பிறகு மூச்சு வாங்கியது. உள்ளே போகிற ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் குழி விழுந்தது. மாடிக்குத் தட்டு எடுக்கப் போன அச்சு சமையலறைக்கு ஓடி வந்து, "அக்கா, டிரைவர் ஐயாவுக்கு மூச்சு ஒரு மாதிரி இருக்கு," என்றபோது அத்தை அடுப்பை அணைக்காமல் ஓடினாள். அவள் அடுப்பை அணைக்காமல் போனது அந்த ஒரு தடவைதான்.

மருத்துவமனையில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். மூக்கில் குச்சி விட்டுச் சோதனை எடுத்தார்கள். அத்தை அவர் காதருகே குனிந்து ஏதேதோ கேட்டுக்கொண்டே இருந்தாள். அவர் சரி என்று சொல்லவில்லை. அவருக்குப் பிறகு மாடியில் இன்னும் இரண்டு பேர் போனார்கள்.

காரியங்கள் முடிந்து அத்தை வேலைக்குத் திரும்பிய வாரத்தில், டாக்டர் ஊழியர்களைச் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார வைத்துப் பேசினாள். நான் அத்தையைக் கொண்டுவந்து விடப் போனவன், கதவோரம் நின்று கேட்டேன்.

"ஆர்.எஸ்.வி.ன்னு ஒரு வைரஸ். பேர்தான் புதுசா இருக்கும், ரொம்பச் சாதாரணமானது. உங்களுக்கும் எனக்கும் எத்தனையோ தடவை வந்துட்டுப் போயிருக்கும். நமக்கு மூக்கு ஒழுகும், தொண்டை கரகரக்கும், அவ்வளவுதான். பச்சைக் குழந்தைக்கும் வயசானவங்களுக்கும் நெஞ்சுல இறங்கிடும்."

அத்தை கை தூக்கினாள், பள்ளிப் பிள்ளை மாதிரி. "குளிர்லதானே டாக்டர் வருது?"

"குளிர்காலத்துல அதிகமாப் பரவும். ஆனா குளிர்ல இருந்து வராதும்மா. ஆளுங்ககிட்ட இருந்துதான் வரும். இருமல், தும்மல், கிட்ட உக்காந்து பேசுறது, தொட்ட கை."

"நான் ஜன்னலைச் சாத்தி வெச்சிருந்தேன்."

டாக்டருக்கு மாமாவின் கட்டில் ஞாபகம் வரவில்லை என்று நினைக்கிறேன். பொதுவான கேள்விக்குச் சொல்கிற மாதிரி, "திறந்து வெச்சா நல்லது. காத்து வந்து போனா கிருமி ஒரே இடத்துல தங்காது," என்றாள்.

அத்தை கையை இறக்கவில்லை. "எங்க வீட்டுக்காரருக்கு யார்கிட்ட இருந்து வந்துச்சு?"

இப்போது டாக்டருக்குப் புரிந்துவிட்டது. குரல் தணிந்தது. "அதைச் சொல்லவே முடியாதும்மா. சளியோட மேல வேலை பார்த்தவங்க நாலஞ்சு பேர் இருக்காங்க. யார்கிட்ட இருந்து வேணா இருக்கலாம்."

ஆறுதலுக்காகத்தான் சொன்னாள். அத்தைக்கு அது ஆறுதலாக இல்லை. அந்த நாலைந்து பேரையும் மாடிக்கு அனுப்பியது யார் என்று அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். யாரும் அவளைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடத் தேவலை.

அன்றே மேனேஜரிடம் போனாள். நானும் கூடப் போனேன்.

"கதவுல ஒட்டியிருக்கீங்களே, அதை எடுத்துடுங்க சார். சளி இருக்கிறவங்களை வீட்டுக்கு அனுப்புங்க."

"சீசன்ல பாதிப் பேர் மூக்கைச் சிந்திட்டுத்தான் நிக்கிறாங்க அக்கா. அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பிட்டு, நானா மாடியில போய் ஊட்டுறது?"

"மாடிக்கு மட்டும் அனுப்பாதீங்க."

"கிச்சன்லயும் கூடாது, மாடியிலயும் கூடாதுன்னா, கூரை மேலயா உக்கார வைக்கிறது?" அவர் சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "மனசு கஷ்டத்துல பேசுறீங்க. மாடியில இருக்கிறவங்க வயசானவங்க. போறதுக்கு ஏதோ ஒரு காரணம் வேணும். சளி இல்லன்னா இன்னொண்ணு."

"அவருக்கு அறுபதுதான் சார்."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

அத்தை திரும்பி நடந்தாள். வெளியே வரும்போது மேனேஜர் பின்னாலிருந்து இதமாக, "நீங்களே போட்ட ரூல்தானே அக்கா," என்றார்.

"நான் போட்டதாலதான் நான் கேக்கறேன்," என்றாள். அவர் அதற்குள் வேறு ஏதோ வேலையில் இறங்கிவிட்டார்.

அடுத்த குளிர்காலம் வந்தபோது அத்தை தன் சட்டத்தைத் தானே மீறத் தொடங்கினாள். சமையலறைக்குப் பின்னால் காய்கறி வைக்கும் சின்ன அறை ஒன்று உண்டு. தும்முகிறவர்களை அங்கே கொண்டுபோய் உட்கார வைத்தாள். கொல்லைக் கதவை விரியத் திறந்து வைத்தாள். மூக்கை மூடி மாஸ்க்கைக் கட்டிவிட்டு, உருளைக்கிழங்கு மூட்டையை முன்னால் தள்ளுவாள். "உரி. எப்படியும் கொதிக்கப் போறதுதான். எந்தக் கிருமியும் என் அண்டாவுல பொழைக்காது."

"எங்களைச் சிறை வெச்சிருக்கீங்களா அக்கா?" என்று அச்சு கேட்பாள்.

"ஆமாடி, மகாராணியைக் கோட்டையில வெச்சிருக்கேன். வாயை மூடிட்டு உரி."

மாடியில் யாரும் ஆள் குறைகிறது என்று சொல்லாமலிருக்க, சமையலறையிலிருந்து சளி இல்லாதவர்களை மேலே அனுப்பினாள். குறைந்த ஆட்களின் வேலையையும் சேர்த்து அவளே செய்தாள். பலகையில் ஏறி இறங்கியே கணுக்கால் வீங்கிவிட்டது. அந்தச் சீசனின் தொடக்கத்தில் மாடியில் அவ்வளவாக இருமல் கேட்கவில்லை. அது அவளாலா, அதிர்ஷ்டமா, எனக்குத் தெரியாது. அவளால்தான் இருக்க வேண்டும் என்று நம்ப விரும்புகிறேன்.

சுகாதார அதிகாரி முன்னறிவிப்பு இல்லாமல் வந்தார். மேனேஜர் வழக்கம்போல அத்தையை முன்னால் நிறுத்தி, கதவில் ஒட்டியதைக் காட்டி, பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தார். பின்னறையிலிருந்து, "அச், அச்," என்று கேட்டது.

அதிகாரி எட்டிப் பார்த்தார். மாஸ்க் கட்டிய இரண்டு பெண்கள் கிழங்குக் குவியலுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்கள்.

"இது என்ன?"

"உருளைக்கிழங்கு சார்," என்றாள் அத்தை.

"அதைக் கேக்கலம்மா."

"இவங்களுக்குச் சளி. மாடியில போனா அங்க இருக்கிறவங்க செத்துப் போவாங்க. அதான் இங்க வெச்சிருக்கேன்."

அதிகாரி மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் கதவைப் பார்த்தார். உணவு தயாரிக்கும் இடத்தில் நோயுற்ற ஊழியர் என்று அதிகாரி எழுதிக்கொண்டது சரியான விதிதான். அதில் தப்புச் சொல்ல முடியாது. அந்தப் படிவத்தில் மாடியைப் பற்றிக் கேட்க ஒரு கட்டமும் இல்லை.

அத்தையைத் திட்டிக்கூட அனுப்பவில்லை. ரொம்ப உழைத்துவிட்டீர்கள், இனி ஓய்வெடுங்கள் என்று மரியாதையாகச் சொன்னார்கள். சுத்தத்துக்குப் பேர் வாங்கியவளை அசுத்தத்துக்காக அனுப்பினார்கள். அன்று மதியமே அச்சுவை மாடிக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். தன் பையோடு வெளியே வந்த அத்தை படிக்கட்டின் கீழே அவள் கையைப் பிடித்துக்கொண்டாளாம். பின்னால் அச்சுதான் சொன்னாள்.

"போகாதடி."

"போகலன்னா நானும் உங்களோடயே வெளிய வர வேண்டியதுதான் அக்கா. ரெண்டு புள்ளைங்க இருக்கு."

"அப்ப மாஸ்க்கைக் கழட்டாத."

"கழட்டாம பேசினா அவங்களுக்குக் கேக்காதே."

அத்தை கையை விட்டுவிட்டாள்.

பிறகு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். எங்கள் சமையலறைக்குள் நுழையவே மாட்டாள். அம்மா வற்புறுத்தினால் காய் மட்டும் நறுக்கித் தருவாள். குளிர்காலம் முடிகிற சமயத்தில் ஒருநாள் அச்சு வந்தாள். வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"இன்னும் இருமல் இருக்கு அக்கா. இங்கயே நிக்கிறேன்."

அத்தை எழுந்து வாசலுக்குப் போய்ப் படியின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள். நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இருந்தேன்.

"ஹெட்மாஸ்டர் ஐயா போயிட்டார்," என்றாள் அச்சு.

"நீதான் ஊட்டினியா?"

"நான் மட்டும் இல்ல அக்கா."

"நீ மட்டும் இல்லடி. யாருமே மட்டும் இல்ல. அதுதான் அவங்களுக்கு வசதி."

அச்சு புடவை ஓரத்தை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"எங்கம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிஞ்சு படுத்த படுக்கையாயிட்டாங்க. வீட்ல பாத்துக்க ஆளில்ல. ஹெட்மாஸ்டர் ஐயாவோட கட்டில் காலியாத்தான் இருக்கு, வேணும்னா கொண்டு வந்து சேத்துக்கோன்னு மேனேஜர் சொல்றார். சேக்கட்டுமா அக்கா?"

அத்தை அவள் பக்கம் திரும்பினாள்.

"வேற இடம் இருக்கா?"

"இருந்தா உங்ககிட்ட ஏன் வரேன்?"

"அப்ப சேத்துடு." அத்தை தொண்டையைச் செருமிக்கொண்டாள். "ஜன்னலைத் திறந்து வை. உனக்குச் சளி பிடிச்சா மட்டும் அவங்க பக்கத்துல போகாத. என்ன ஆனாலும் போகாத."

"சளி பிடிச்சாத்தானே அக்கா என்னை மேல அனுப்புவாங்க."

அத்தை அவளைப் பார்த்தாள். எழுந்து உள்ளே வந்து, என்னைத் தாண்டிப் போய், பின்கட்டில் உட்கார்ந்துகொண்டாள். அச்சு சற்று நேரம் காத்திருந்துவிட்டு, இருமிக்கொண்டே தெருவில் இறங்கிப் போனாள்.

அடுத்த வாரம் அச்சு தன் அம்மாவைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள் என்று கேள்விப்பட்டோம்.